முயல் கணக்கு

குற்றாலத்துக்கு வந்தவர்கள் குளிக்காமல் திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். பேரருவிக்குத் தலையைக் கொடுக்க வேண்டும்; ஐந்தருவிக்கு முதுகைக் கொடுக்க வேண்டும்; பழைய குற்றாலத்துக்கு மிச்சம் மீதி இருப்பதைக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற ஜீவன் ஒன்று உண்டு. முயல். அது எனக்குத் தெரியாமல் போனதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு சின்ன உயிர் கிட்டத்தட்டக் கைலாசத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

தென்காசியில் மீன்தொட்டி விற்கிற கடை வாசலில் ஒரு வெள்ளை முயலைப் பார்த்துவிட்டாள் என் ஏழு வயது மகள். அப்புறம் மூன்று நாள் அவளுக்குத் தோசை இறங்கவில்லை. நாலாம் நாள் நான் இறங்கி வந்தேன்.

விஷயம் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் சிரித்தார். "மலையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு முயலைத் துட்டு குடுத்து வாங்குவீரா வே? ஒரு காட்டு முயல் குட்டி பிடிச்சுத் தாறேன், சும்மா வச்சுக்கிடும்."

சும்மா வைத்துக்கொள்ளலாம்தான். அப்புறம் என்னை உள்ளே வைப்பார்கள்! காட்டு முயல் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற பிராணி. பிடிப்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். தவிர, நம் காட்டு முயலும் கடையில் இருக்கிற வெள்ளை முயலும் பார்க்கத்தான் பங்காளிகள், ஜாதகம் வேறு. வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டிக் குடும்பம் குடும்பமாக வாழ்கிற வம்சம். குட்டிகள் ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புதரே வீடு. குட்டி பிறக்கும்போதே ரோமச் சட்டை போட்டு, கண்ணைத் திறந்துகொண்டு வரும். அதைக் கூண்டில் அடைத்தால் பயத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே கடைக்கே போனோம். கடைக்காரர் விடவில்லை.

"ஜோடியா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒத்தையில கெடந்தா ஏங்கிப் போயிரும்."

"இது ஆணா, பெண்ணா?"

"நீங்க கையில வச்சிருக்கது ஆண். அந்தா நிக்கது பொட்டை. இது தெரியாமலா யாவாரம் பண்ணுதோம்?"

இங்கேதான் நான் படித்த பி.காம். குறுக்கே வந்தது. பைசா நகரத்துக்காரர் ஃபிபொனாச்சி என்று ஒருவர். நம் நாட்டு எண்களை ஐரோப்பிய வியாபாரிகளுக்குச் சொல்லிக் கொடுக்க 1202-இல் ஒரு கணக்குப் புத்தகம் எழுதினார். வட்டி, லாபம், நாணய மாற்று எல்லாம் போட்டுவிட்டு நடுவில் ஒரு முயல் கணக்கையும் போட்டார். ஒரு ஜோடி முயலை அடைத்து வைத்து, மாசத்துக்கு ஒரு ஜோடி குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் ஒரு மாசம் விட்டு அதே வேலையைப் பார்த்தால் வருஷக் கடைசியில் எத்தனை ஜோடி? விடை: 377! ஒன்றுகூடச் சாகாது என்று வைத்துக்கொண்டு போட்ட காகிதக் கணக்குதான். ஆனால் முயலின் கர்ப்பகாலம் சுமார் 31 நாள் என்பது காகிதக் கணக்கு இல்லை. எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு பட்டாசல். 377 ஜோடிக்கு இடமில்லை. ஒன்றே ஒன்றை வாங்கினோம். 'ராஜா' என்று பேர் வைத்தோம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி நிஜம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முயல் கூட்டத்தில் வாழ்கிற பிராணி. தனியாக வாங்கினால், கூட்டமாக இருக்கிற பொறுப்பு நம் தலையில்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு எண்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்தாள். "இதுக்கு ஆகிற செலவை ஒழுங்கா எழுதி வைங்க. மாசக் கடைசியில எனக்குப் பார்க்கணும்."

எழுதச் சொன்னால் நான் அத்தோடு நிற்கிற ஆளா? சொத்துக் கணக்கின் பொன் விதி ஒன்று உண்டு. உள்ளே வருவதைப் பற்று வைக்க வேண்டும், வெளியே போவதை வரவு வைக்க வேண்டும். 'ராஜா கணக்கு' என்று தலைப்புப் போட்டு, நடுவில் கோடு கிழித்தேன். பற்றுப் பக்கம்: அருகம்புல், கொத்தமல்லித் தழை, தண்ணீர். வரவுப் பக்கம்: புழுக்கை. நேரத்தோடு எழுதினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா, "இவனைப் படிக்க வச்ச துட்டுக்கு நாலு எருமை வாங்கியிருக்கலாம்" என்றாள்.

நன்றாகத் தின்கிற முயல் ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு புழுக்கை போடும். எண்ண முடியாது, குத்துமதிப்பாக 'நிறைய', 'சுமார்', 'குறைவு' என்று மூன்று தரம் பிரித்துக்கொண்டேன். ஒரு இடத்தில்தான் கணக்கு உதைத்தது. முயல் இரண்டு ரகம் போடும். ஒன்று உருண்டையாக, காய்ந்து இருக்கும். இன்னொன்று மெத்தென்று, திராட்சைக் கொத்து மாதிரி. இந்த இரண்டாவதை அது கீழே விழ விடாமல் வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். அருவருப்புப் படாதீர்கள். மாடு அசை போடுவதற்குப் பதில் இது. முதல் சுற்றில் கிடைக்காத புரதத்தையும் வைட்டமினையும் இரண்டாம் சுற்றில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வரவு வைத்ததை உடனே திருப்பிப் பற்று வைப்பதற்கு என் கணக்கு வாத்தியார் எந்தப் பதிவும் சொல்லித் தரவில்லை!

நோட்டு ஜோராக நடந்தது. முயல் நடக்கவில்லை. வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில் இருந்தது. குக்கர் விசில் அடித்தால் பின்னங்காலால் தரையில் 'டம்' என்று ஒரு உதை. அது கோபம் இல்லை. 'ஆபத்து, எல்லோரும் வளைக்குள் போங்கள்' என்று சொந்தக்காரர்களுக்கு அடிக்கிற தந்தி. எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? பாசம் காட்டினோம். மகள் கட்டிலடியில் கையை விட்டு இழுப்பாள். நான் தூக்கிக் கொஞ்சுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு முறை தூக்கினார்கள். காரட் என்றால் முயலுக்கு உயிர் என்று கார்ட்டூனில் பார்த்திருக்கிறோமே, அதையும் ஆளுக்கு ஒன்று நீட்டினார்கள். காரட் இனிப்புப் பண்டம். எப்போதாவது இரண்டு வில்லை கொடுக்கலாம். அதையே சாப்பாடாகப் போடுவது, நமக்கு மூன்று வேளையும் அல்வா போடுகிற மாதிரி. அதற்குச் சாப்பாடு புல். முக்கால்வாசிக்கு மேல் புல். முயலின் பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். புல் போடாவிட்டால் உங்கள் செல்போன் சார்ஜர் ஒயரில் தேய்க்கும். (போட்டாலும் தேய்க்கும். மூன்று சார்ஜர் போச்சு. நோட்டில் 'நஷ்டம்' என்று எழுதியிருக்கிறேன்.)

இப்படி இருக்கையில் சீசன் வந்தது. கணவாய் வழியாகக் காற்று, பூவாகத் தூவுகிற சாரல், ஐந்து கிலோமீட்டர் தள்ளி அருவியில் தண்ணீர். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சீசனில் சொந்தக்காரர்கள் பெருகுவதைப் பார்த்தால் ஃபிபொனாச்சியே பேனாவைக் கீழே வைத்துவிடுவார். சென்னையிலிருந்து மச்சான் குடும்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஐந்தருவியில் குளித்துவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினோம்.

"என்ன மாப்ளே, முயல் நாத்தம் அடிக்குதே" என்றார் மச்சான்.

நாத்தம் முயலுடையது அல்ல. மூலையில் சேர்ந்த மூத்திரத்துடையது. தட்டைக் கழுவியிருந்தால் போயிருக்கும். முயல் பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கொள்கிற பிராணி. அதைக் குளிப்பாட்டவே கூடாது. இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஊரே குளிக்கிறது, ராஜா மட்டும் என்ன பாவம் பண்ணினான்?

புறவாசலில் வாளி நிறையத் தண்ணீர். மகளின் சோப்பு. நான் பிடித்துக்கொண்டேன், மச்சான் ஊற்றினார். முதல் செம்புக்கு உதைத்தது. இரண்டாவது செம்புக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மூன்றாவது செம்புக்கு அசையாமல் கிடந்தது.

"பார்த்தியாம்மா, அதுக்குச் சுகமா இருக்கு" என்றேன் மகளிடம்.

அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அது சுகம் இல்லை. வேட்டை மிருகத்தின் வாயில் மாட்டிக்கொண்ட பிராணி, இனி ஓட வழியில்லை என்று தெரிந்ததும் கட்டை மாதிரிக் கிடக்குமே, அது.

துண்டால் துடைத்தோம். வேட்டியே இரண்டு நாள் காயாத சீசன். முயலின் உள் ரோமம் எப்படிக் காயும்? ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தால் போட்ட புல் போட்டபடி கிடந்தது. கொத்தமல்லியை மூக்கருகில் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

"வயிறு ஊதியிருக்கும். ஓமத்தண்ணி குடு" என்றாள் அம்மா. அலமாரியில் மகளுக்குச் சளி பிடித்தபோது வாங்கிய அமாக்சிசிலின் சிரப் பாதி இருந்தது. நான் மூடியைத் திறந்துவிட்டேன். என்ன தோன்றியதோ, மனைவி கையைப் பிடித்தாள். "டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்காதீங்க."

சாரலில் ஆட்டோ பிடித்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கால்நடை டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினோம். பத்தரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார் அந்தப் புண்ணியவான். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லை சார். குடல் நின்னுக்கிட்டு இருக்கு. சாயங்காலம் என்ன நடந்தது?"

சொன்னேன்.

"நீங்க குளிப்பாட்டலை. பயமுறுத்தி, குளிர வச்சிருக்கீங்க" என்றார். திட்டினால்கூடத் தேவலை, சாதாரணமாகச் சொன்னார். "முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது முன்னால போயே ஆகணும். பயத்துல குடல் நின்னா, தின்னாது. தின்னலைன்னா குடல் இன்னும் நிக்கும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாம விட்டா உயிருக்கே ஆபத்து. கடைசியா எப்போ தின்னது? எப்போ புழுக்கை போட்டது? யாருக்கும் ஞாபகம் இருக்காது, இருந்தாலும் கேக்கிறேன்."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

ஞாயிறு. காலை 6.20: புல், முழுசும். வரவு: நிறைய. காலை 8.15: கொத்தமல்லி. மாலை 4.40: புல், கொஞ்சம். வரவு: சுமார். மாலை 5.30: குளியல். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வெறும் காகிதம்.

டாக்டர் முன்பக்கங்களையும் புரட்டினார். "இருபது வருஷமா வைத்தியம் பார்க்கிறேன். மாட்டுக்குக்கூட யாரும் இப்படி எழுதிக் கொண்டு வந்ததில்லை" என்றார். "ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க."

பி.காம். படித்து நான் பெற்ற முதல் பாராட்டு அது.

ஹேர் டிரையரை எட்டப் பிடித்து ரோமத்தைக் காய வைத்தார். தோலுக்கடியில் வெதுவெதுப்பான திரவம் ஏற்றினார். வலிக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று ஊசி. அப்புறம் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ராஜா இல்லை சார். ராஜாத்தி" என்றார். எனக்கு 377 கண் முன்னால் வந்துபோனது. சிரிக்கத் தெம்பில்லை.

அமாக்சிசிலின் கதையையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வாய் வழியாக அதைக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்துவிடும். அதிலேயே உயிர் போய்விடும் என்றார். மனைவியின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. "காலைக்குள்ளே அசையலைன்னா திருநெல்வேலிக்குப் போயிருங்க. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில காட்டுங்க."

வீட்டுக்கு வந்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். டாக்டர் சொன்னபடி அரைத்த தழையை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டோம். மகள் தூங்க மறுத்துக் கூடையின் பக்கத்திலேயே சுருண்டு படுத்தாள். "அப்பா, அதுக்குச் சுகமா இருக்குன்னு நீதானே சொன்னே?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனாள்.

குற்றாலத்துச் சித்திர சபையில் நடராஜர் ஓவியமாக இருக்கிறார். நடராஜர் எங்கே ஆடினாலும் அவர் காலடியில் ஒருவன் கிடப்பான், முயலகன். அறியாமையின் உருவம் அவன். பேரிலேயே முயல் வேறு. அன்றைக்கு ராத்திரி அந்தக் காலுக்குக் கீழே கிடந்தது நான்தான்.

மூன்று நாற்பதுக்குக் கூடையில் ஒரு சின்ன அசைவு. டார்ச் அடித்துப் பார்த்தேன். துணி மேலே ஒரே ஒரு புழுக்கை. மிளகு அளவுதான். கோபுரக் கலசத்தைப் பார்த்தவன் மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நோட்டை எடுத்து 'வரவு: 1' என்று எழுதினேன். கை நடுங்கியதில் எழுத்துக் கோணலாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். விடிகிற நேரத்தில் ஒரு இணுக்கு அருகம்புல்லைத் தானாக இழுத்தது. மச்சான் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் மூத்திரத் தட்டைக் கழுவினார்.

மறுநாள் டாக்டர் சொன்னது ஒரே ஒரு வைத்தியம். "தூக்காதீங்க. கூப்பிடாதீங்க. தினம் சாயங்காலம் தரையில போய் உட்காருங்க. போதும்."

முயலைத் தூக்குவது என்றால் அதற்குப் பருந்து கொத்திக்கொண்டு போவது என்றுதான் அர்த்தம். காதைப் பிடித்துத் தூக்குவது மகா பாவம். பயந்து உதறினால் அதன் முதுகெலும்பே உடைந்துபோகும். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் முன்னும் பின்னும் தெரியும். மூக்குக்கு நேர் எதிரே மட்டும் தெரியாது. நாம் கொஞ்சுவதற்குக் கை நீட்டுவது சரியாக அந்த இடத்தில்தான்!

உட்கார்ந்தேன். ஆறு மணிக்குப் பேப்பரோடு தரையில் உட்கார்ந்தால் ஏழு மணிக்கு எழுந்திருப்பேன். முயலுக்கு விடியலும் அந்தியும்தான் ஆட்டம் பாட்டம், பகலில் தூங்கும். ஆபீஸ் போய்வருகிற இளைஞர்களுக்கு இந்த ஒரு விஷயம் தோதானது. தோதில்லாததையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வைத்துக்கொண்டால் எட்டு, பத்து வருஷம் இருக்கும். உங்கள் கல்யாணம், டிரான்ஸ்ஃபர், குழந்தை எல்லாவற்றுக்கும் கூடவே வரும். வெயிலும் ஆகாது. அதற்கு வியர்க்காது, காதுதான் உஷ்ணத்தை வெளியே விடும். சித்திரை வெயிலில் ஐஸ் பாட்டிலைத் துணி சுற்றிக் கூண்டில் வைக்க வேண்டும். சீசனில் ஈரப் புல் போடாமல், ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி உலர்த்த வேண்டும். இதற்கெல்லாம் தயார் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த வீட்டு முயலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாலாம் நாள் கட்டிலடியிலிருந்து மூக்கு மட்டும் வந்தது. எட்டாம் நாள் பாதி உடம்பு. பதினைந்தாம் நாள் நான் விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது கால் பெருவிரலில் ஏதோ உரசியது. ராஜாத்தி தன் தாடையை என் விரலில் தேய்த்துவிட்டுப் போனாள். முயலின் தாடையில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. எதில் தேய்க்கிறதோ, அது தன்னுடையது என்று முத்திரை குத்துகிறது.

அன்றைக்கு நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'முயல் 1, ரொக்கத்துக்கு வாங்கியது' என்று சொத்தாக எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் ஒரு திருத்தப் பதிவு போட்டேன். வாங்கப்பட்டது நான். அதற்கு ரொக்கம் ஒன்றும் கைமாறவில்லை. பதினைந்து நாள் சும்மா உட்கார்ந்ததோடு சரி.

அடுத்த சீசனுக்கு மச்சான் மறுபடி வந்தார். எல்லோரும் துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றேன்.

"குற்றாலத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு சீசன்ல குளிக்காம இருப்பாங்களா மாப்ளே?"

"இங்கே ரெண்டு பேர் இருக்கோம்" என்றேன்.

வாசல் நடையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தேன். ராஜாத்தி வந்து பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தாள். அதற்குப் பெயர்தான் சுகம். இந்தத் தடவை தெரிந்துதான் சொல்கிறேன்.